கோன் ஓரத்துக்கு வெட்டிய தோல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால்தான் ஞாபகம் வருகிறது. சில பெயர்கள் மறந்தே போய்விட்டன. ரேடியோ வேலை பழகுகிற பிள்ளைகள் படிப்பதற்காக, அந்தக் காலத்தில் லௌட்ஸ்பீக்கருக்குள் இருக்கும் யூனிட்டை எப்படி மாற்றினோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். மேடையில் வந்து பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதச் சொன்னதால் ஒப்புக்கொண்டேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்

நான் பிறந்தது ஆம்பூரில். அப்பா டேனரியில் தோல் சீவுகிறவர். அம்மா அதே இடத்தில் தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டை இடிப்பாள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. டேனரியில் கழித்துப் போடும் ஆட்டுத்தோல் துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றை நான் கத்தியால் சீவி, வெற்றிலைபோல மெல்லிசாக்கி வைப்பேன். பஜாரில் ஆர்மோனியம் ரிப்பேர் கடை வைத்திருந்த கவுஸ் சாயபு வாங்கிக்கொள்வார். ஆர்மோனியத் துருத்தியின் மடிப்புகளுக்கு அந்த மாதிரித் தோல்தான் வேண்டும்.

எனக்குப் பதினெட்டு வயது நடந்தபோது சாயபு கடைக்கு லௌட்ஸ்பீக்கர் வந்தது. மெட்ராசில் யாரோ விற்றுவிட்டுப் போன செட். ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், பேட்டரிகள், ஒரு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர், அதற்கு மாற்றாக இன்னொரு யூனிட். இரண்டு யூனிட்டிலும் ஓரம் கிழிந்து தொங்கியது. அதைச் சரி செய்யத்தான் என்னைக் கடைக்கே வரச் சொன்னார்.

முதல் நாள் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். சாயபு என் பெயரைக் கேட்டார். குரல் எழும்பவில்லை. அம்மாதான், "ரெபேக்காங்க பாய்" என்றாள். மூலையில் உட்கார்ந்து ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார். அவர் பெயர் ஏழுமலை. குடியாத்தம் நெசவுக் குடும்பம். முப்பது வயது இருக்கும். தறி வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் போய், ரேடியோ வேலை கற்றுக்கொண்டு வந்தவர்.

"இன்னா பாய், பேர் கேட்டதுக்கே வாய் தொறக்கல. பேசற பொட்டிக் கடையில ஊமைப் பொண்ணா?" என்றார்.

"உனக்கு இருக்கிற வாயே இந்தக் கடைக்கு ஜாஸ்தி. அந்தப் பொண்ணுக்குக் கை இருக்குது, அது போதும்" என்றார் சாயபு.

கடைக்கும் சாயபுவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை உண்டு. கடைப் பக்கம் கோணிப் படுதா தொங்கும். வீட்டுப் பக்கம் சாயபுவின் மனைவி ஜைனப் அம்மா அடுப்பு வேலையாக இருப்பார். என்னை அந்த அறையில் உட்கார வைத்தார்கள். படுதாவுக்கு அந்தப் பக்கம் நடக்கிற பேச்செல்லாம் கேட்கும். நான் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

2. யூனிட் மாற்றுகிற விதம்

இப்போது வருகிற ஸ்பீக்கரில் கோனும் ஓரமும் ஒரே காகிதமாக வருகிறதாம். எங்கள் யூனிட் அப்படி இல்லை. நடுவில் காந்தம். அதன் முன்னால் காகிதத்தில் செய்த கூம்பு. அதைத்தான் கோன் என்பது. கோனின் சின்ன முனையில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம். அதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர். காந்தத்தில் ஒரு வட்டமான இடுக்கு இருக்கும். வாய்ஸ் காயில் அந்த இடுக்குக்குள் எதிலும் படாமல் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற இடைவெளி ஒரு நகத்தின் கனம்கூடக் கிடையாது. காயில் ஒரு இடத்தில் இரும்பைத் தொட்டால் போதும், கரகரவென்று சத்தம் வந்து பேச்சைக் கெடுத்துவிடும்.

கோனின் பெரிய வாயைச் சுற்றி மெல்லிய தோல் வளையம் ஒட்டியிருக்கும். தோலின் வெளி விளிம்பை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருப்பார்கள். கோன் முன்னும் பின்னும் ஆடுவதற்கு இடம் கொடுப்பது அந்தத் தோல்தான். கோனைச் சாயாமல் நிறுத்துவதும் பாதிக்கு மேல் அதுதான். அந்தத் தோல்தான் என் வேலை.

யூனிட் மாற்றுவது பெரிய காரியம் இல்லை. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, இரண்டு ஒயரைச் சூடு காட்டி எடுத்துவிட்டு, எட்டு போல்ட்டைத் திருகினால் யூனிட் கையோடு வந்துவிடும். மாற்று யூனிட்டை வைத்து மறுபடி முடுக்க வேண்டும். ஏழுமலை அண்ணன் கால் மணி நேரத்தில் முடிப்பார். கஷ்டம் என்பது கழற்றிய யூனிட்டைச் சரி செய்வதுதான். புது யூனிட்டுக்கு எழுதிப்போட்டால் கப்பலில் வர ஆறு மாதம் ஆகும். அதனால் நாங்களே பழைய தோலைச் சுரண்டி எடுத்து, புதுத் தோல் ஒட்டி, காயிலை நடுவில் நிறுத்துவோம். நடுவில் நிறுத்துவதை சென்டர் பண்ணுவது என்பார்கள். அது ஏழுமலை அண்ணனுடைய வேலை. பழைய போட்டோ பிலிமை நான்கு பட்டையாக வெட்டி, காயிலைச் சுற்றி இடுக்கில் செருகி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக உருவுவார். அப்போது மூச்சுகூட விடமாட்டார். வாய் ஓயாத மனிதர் அந்த ஐந்து நிமிஷம் மட்டும் பேசாமல் இருப்பார்.

நான் தோலை ஒரே துண்டாக வெட்டமாட்டேன். ஆட்டின் முதுகுப் பக்கத்தில் மட்டும் நான்கு வளைந்த துண்டுகள் வெட்டுவேன். ஒவ்வொரு துண்டின் முனையையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வஜ்ஜிரப் பசையால் ஒட்டுவேன். காய்ந்தால் வஜ்ஜிரம் முறுகிவிடும் என்பதற்காக இரண்டு சொட்டு கிளிசரின் விடுவேன். நான்கு ஒட்டும் நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் தெரியும்.

3. ஒரு வியாபாரி சொன்னது

ஒரு நாள் சாயபுவைப் பார்க்க ஒரு தோல் வியாபாரி வந்தார். ஏழுமலை அண்ணன் ஒரு யூனிட்டை மேசைமேல் வைத்திருந்தார். வியாபாரி அதைத் தூக்கிப் பார்த்துச் சொன்னது படுதாவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"இன்னா பாய் இது, தோல் ஊர்ல உக்காந்துகினு ஒட்டுப் போட்ட தோலா? பழைய லுங்கி தெச்ச மாதிரி இருக்குது. முழுத்தோல் கிடைக்கலியா உமக்கு?"

"சத்தம் நல்லா வருதில்ல, ஒட்டு இருந்தா இன்னா?" என்றார் சாயபு.

"சத்தம் வரட்டும். பாக்கிறவன் இன்னா சொல்லுவான்? நானே ஒரு தோல் அனுப்பறேன்."

மறுநாள் ஒரு முழுச் செம்மறியாட்டுத் தோல் வந்தது. அவ்வளவு மெல்லிசான தோலை நான் அதற்கு முன் தொட்டதில்லை. தேன் நிறம். கையில் எடுத்தால் துணிபோல வழிந்தது. அந்த மனிதர் சொன்ன லுங்கிப் பேச்சு எனக்கு இரண்டு நாளாக உள்ளே குத்திக்கொண்டிருந்தது. பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு இப்படித்தான், பேச்சு உள்ளேயே தங்கிவிடும். ஒட்டே இல்லாமல் முழு வளையமாக வெட்டிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

தோலின் நடுவில், முதுகில், ஒரு நீளமான முள்கீறல் இருந்தது. அதற்காகக் கீறலுக்கு இடப்பக்கம் தள்ளி ஒரு வளையம், வலப்பக்கம் தள்ளி ஒரு வளையம் வெட்டினேன். இரண்டு யூனிட்டுக்கும் ஆயிற்று. இரண்டு வளையத்திலும் ஒரு ஓரம் முதுகில் விழுந்தது, எதிர் ஓரம் வயிற்றுப் பக்கம் இறங்கிவிட்டது. முதுகுத் தோல் இறுக்கம், வயிற்றுத் தோல் தளர்ச்சி. எங்கள் ஊரில் பட்டை இடிக்கிறவளுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். துருத்திக்கு ஒரு நாளும் வயிற்றுத் தோல் வைத்தவள் இல்லை. ஆனால் ஈரமாக ஒட்டிக் காயவைத்ததும் அது மேளத்தோல்போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மெட்ராசில் வேலை பார்த்திருந்தால் இவ்வளவு பெரிய தோல் கைக்குக் கிடைத்திருக்காது. துண்டு போட்டுத்தான் ஒட்டியிருப்பேன். தப்பு நடந்திருக்காது.

ஏழுமலை அண்ணன் இரண்டையும் சென்டர் பண்ணி, பேட்டரி கொடுத்து, மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார்த்தார். அவர் குரல் மெல்லியது. அந்தக் குரலுக்குக் கோன் அதிகம் ஆடாது. இரண்டு யூனிட்டும் சுத்தமாகப் பேசின.

"பாய், பாத்தியா தோலை? ஊமைப் பொண்ணு நகை செஞ்ச மாதிரி செஞ்சிருக்குது" என்று சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

4. புதன்கிழமை

அந்த வருஷம் பாலாற்றில் ஊற்று தோண்டித்தான் தண்ணீர் எடுத்தோம். அங்கங்கே வாந்திபேதி வந்துகொண்டிருந்தது. டேனரிக்காரர்களைக் கூட்டி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வதற்காக ஒரு சுகாதார டாக்டர் வந்தார். புதன்கிழமை சாயங்காலம், வேலை விட்டதும், டேனரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கூட்டம். சாயபுவின் லௌட்ஸ்பீக்கர். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அது போனது அதுதான் முதல் தடவை. நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் நின்றோம்.

டாக்டருக்குக் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கனத்த குரல். "பொதுஜனங்களே" என்று ஆரம்பித்தார். பெட்டி கரகர என்றது. பேச்சு ஒன்றும் புரியவில்லை. ஏழுமலை அண்ணன் ஓடிவந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்பலகையைக் கழற்றி, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் யூனிட்டை மாற்றினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் மறுபடி பேசினார். இந்த யூனிட் அதைவிட மோசம்.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஐயா ஊசி போட்டுக்கினு வந்துட்டாருடோய்! போட்டா தொண்டை இப்டித்தான் ஆவும் பாத்துக்குங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். பாதிப் பேர் கலைந்துபோனார்கள். டாக்டர் நல்ல மனிதர். "சரி, திங்கட்கிழமை மறுபடி வருகிறேன். அதற்குள் இதற்கு வைத்தியம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயபு தலையை நிமிர்த்தாமல் பேட்டரிகளை வண்டியில் ஏற்றினார்.

5. மூன்று நாள்

வியாழக்கிழமை காலையில் படுதாவுக்கு அந்தப் பக்கம் சாயபு போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"ஊரு முன்னாடி என் மானம் போச்சுடா! ரெண்டு யூனிட்! ஒண்ணு போனா சரி, ரெண்டுமா? நீ பெங்களூர்ல இன்னாதான் கத்துக்கினே?"

ஏழுமலை அண்ணன் பதிலுக்கு வாயாடவில்லை. "பாக்கறேன் பாய்" என்று மட்டும் சொன்னார். இரண்டையும் பிரித்து, பிலிம் பட்டை செருகி, மறுபடி சென்டர் பண்ணினார். சாயபுவைக் கூப்பிட்டு மைக்கில் பேசச் சொன்னார். சாயபுவுக்கும் கனத்த குரல்தான். சுத்தமாக வந்தது. மத்தியானத்துக்குள் மறுபடி கரகர.

"நான் வச்சது ரெண்டு மணி நேரம்கூட நிக்கல பாய்" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"தோல் சரியா இருக்குதா? அதைப் பாத்தியா?" என்று கேட்டார் சாயபு.

"தோலுல குறை வராது பாய். அது அந்தப் பொண்ணு கை. என் கைதான் போச்சு."

அவர் சாப்பிடப் போகும்போது ஒரு யூனிட்டை என் அறையில் தூசி படாமல் வைத்துவிட்டுப் போனார். நான் கட்டைவிரலால் தோலைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். மூன்று பக்கம் விறைப்பு. நான்காவது பக்கம் விரல் உள்ளே அமுங்கியது. ஒட்டின நாள் மேளம்போல நின்ற தோல், வயிற்றுப் பக்கம் மட்டும் தளர்ந்து தொங்கிவிட்டது. கோன் அந்தப் பக்கம் சாய்ந்து, காயில் இரும்பில் உரசுகிறது. எத்தனை தரம் சென்டர் பண்ணினாலும் தோல் மறுபடி இழுக்கும். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிட்டது.

படுதாவை விலக்கி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை வயதாகியும் யோசிக்கிறேன். சாயபுவுக்குப் பயந்தது உண்மை. வேலை போய்விடும் என்ற பயமும் உண்டு. அதைவிட, "அந்தப் பொண்ணு கை" என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. அதைக் கேட்ட பிறகு வாய் இன்னும் இறுகிவிட்டது. அவரே தோலைத் தொட்டுப் பார்ப்பார், கண்டுபிடிப்பார், நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது என்று எண்ணிக்கொண்டேன். அவர் தொட்டே பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை கடை இல்லை. வீட்டில் அப்பா கேட்டார், "அந்த முழுத்தோல் எப்படிம்மா இருந்துச்சி?" என்று.

"நல்லா இருந்துச்சிப்பா" என்றேன்.

இது இரண்டாவது பொய். முதலாவது வாய் திறக்காமல் சொன்னது.

6. சனிக்கிழமை

சனிக்கிழமை நான் போனபோது ஏழுமலை அண்ணன் முன்னமே வந்து, இன்னொரு தரம் சென்டர் பண்ணி வைத்திருந்தார். யூனிட் என் மேசையில் இருந்தது. படுதாவுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"பாய், இந்தச் சின்ன ஸ்பேனர், பிலிம் பட்டை, ஈயக்கோல் எல்லாம் உங்களுது. பெங்களூர்ல என் தோஸ்த் ஒருத்தன் இருக்கான். நல்ல வேலைக்காரன். தந்தி குடுங்க, திங்கக்கிழமைக்குள்ள வந்துடுவான்."

"நீ எங்கடா போறே?"

"குடியாத்தம். தறிக்கு."

"அரே, கோவத்துல ரெண்டு வார்த்தை சொன்னா ஓடிப்போவியா?"

"நீங்க சொன்னதுக்கு இல்ல பாய். எத்தனை தரம் வச்சாலும் நிக்கல. இந்த வேலைக்கு இந்தக் கை ஆவாது."

தோல் சீவுகிற கத்தி எதிரில் இருந்தது. அதை எடுத்து யூனிட்டின் தோல் வளையத்தில் வைத்து, தளர்ந்துபோன பக்கத்திலிருந்து சுற்றிலும் அறுத்தேன். கோன் தனியாகக் கையில் வந்துவிட்டது. அதையும் அந்தத் தோல் வளையத்தையும் எடுத்துக்கொண்டு படுதாவை விலக்கிக் கடைக்குள் போய் நின்றேன்.

சாயபு எழுந்துவிட்டார். "ஏ பொண்ணு! இன்னா பண்ணே! ஐயோ, இருந்ததையும் அறுத்துட்டியா!"

"அண்ணன் கை இல்லீங்க" என்றேன். அந்தக் கடையில் நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல். குரல் உடைந்து வந்தது. "என் தோல். வயித்துப் பக்கம் வெட்டிட்டேன். அது இழுக்குது."

அவர்களுக்குப் புரியவில்லை. வளையத்தில் முதுகுப் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். வயிற்றுப் பக்கம் அதே நீளத்தில் ஒரு பட்டை. இரண்டையும் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் முதல் பட்டையை இழுத்தார். நீளவில்லை. இரண்டாவதை இழுத்தார். மிட்டாய்போல நீண்டு, விட்ட பிறகும் சுருங்காமல் கிடந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயபு என்னைத் திட்ட வாயைத் திறந்தார். ஏழுமலை அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எப்போலேந்து தெரியும் உனக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. இப்போதுதான் பார்த்தேன் என்றால் முடிந்தது.

"வியாழக்கிழமை மத்தியானம்" என்றேன்.

அவர் அந்தப் பட்டைகளைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நேத்து குடியாத்தம் போயிருந்தேன்மா. எங்கண்ணன்கூட ஆறு வருஷமா பேச்சு இல்ல. அவன் கால்ல உழுந்தேன். தறியில ஒரு எடம் குடுண்ணு கேட்டேன். அவன் பொண்டாட்டி, பசங்க எல்லாம் பாத்துகினு நின்னாங்க." அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை.

உள்ளேயிருந்து ஜைனப் அம்மா எட்டிப் பார்த்து, "அழுவாத, அழுவாத" என்றார். நான் அழுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சாயபு நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப இன்னா பண்றது? திங்கக்கிழமை டாக்டர் வர்றாரு" என்றார்.

ஏழுமலை அண்ணன் மேசைமேல் வைத்திருந்த ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்தார். "அந்த ஒட்டுத் தோல் வெட்ட எவ்ளோ நேரம் ஆவும்?" என்று என்னைக் கேட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒட்டிடுவேன். ஒரு நாள் காயணும்."

"அப்ப வெட்டு."

முதுகுத் தோலில் நான்கு துண்டு வெட்டி, சீவி, ஒட்டினேன். வீட்டுக்குப் போக இருட்டுகிற நேரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் மறுபடி வந்து விரல் வைத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஒன்றுபோல நின்றது. அவர் சென்டர் பண்ணினார். திங்கட்கிழமை காலையிலும் ஒரு தரம் சாயபு பேசிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் கூட்டம். டாக்டர் அதே குடத்துக் குரலில் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் கடைசி ஆள்வரை போயிற்று. அன்றைக்குக் கத்தினவன் இன்றைக்கும் விடவில்லை. "தொண்டை சரியாப் போச்சு டாக்டரு! இன்னா மருந்து துன்னீங்க?" என்றான். டாக்டரும் சிரித்துவிட்டார். நானும் அம்மாவும் அன்றைக்கே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம். இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை.

7. அதற்குப் பிறகு

சாயபு என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். பிறகு மறந்துவிட்டார். ஏழுமலை அண்ணன் குடியாத்தம் போகவில்லை. வாயாடுவதும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. ஒரு தரம்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. தோல் ஒட்டி முடித்ததும், "தொட்டுப் பாத்தியா?" என்று கேட்பார். "பாத்தேண்ணா" என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். தலையசைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். முன்பெல்லாம் அவர் சென்டர் பண்ணினால் ஒரே முடுக்கு. பட்டையை உருவுவார், வைத்துவிடுவார். அந்த வாரத்துக்குப் பிறகு, உருவின பட்டையை மறுபடி செருகிப் பார்ப்பார். ஸ்க்ரூவைத் தளர்த்தி மறுபடி முடுக்குவார். அதற்குப் பிறகும் ஒரு தரம் பார்ப்பார். நான் கல்யாணமாகிக் காவேரிப்பாக்கம் போகிறவரைக்கும் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தார். வேலை இன்னும் நன்றாக அமைந்தது என்று சாயபுகூடச் சொன்னார். எனக்கு அது வேலைச் சுத்தமாகத் தெரியவில்லை. அவர் தன் கையைக் கேள்வி கேட்கிற மாதிரிதான் தெரிந்தது. அந்தக் கேள்வியை அவர் மனதில் போட்டவள் நான்.

தோலைத் தப்பாக வெட்டினதற்காக நான் ரொம்ப வருத்தப்பட்டது இல்லை. வேலை செய்கிற கைக்குத் தப்பு வரும். அதை அறுத்துப் போட்டு வேறு ஒட்டலாம், ஒரு நாள் காய்ந்தால் சரி. சொல்ல வேண்டியதை உடனே சொல்லாமல் இருந்த நேரத்தை அப்படி எடுத்து ஒட்ட முடியவில்லை. பிள்ளைகளே, உங்கள் வேலையில் உங்கள் குறை தெரிந்தால், குரல் உடைந்தாலும் பரவாயில்லை, அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் அதைத் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு அலையலாம்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் விவரம் தெரிந்த ஒரு ஆளிடம் காட்டிச் சரிபார்த்துவிட வேண்டும். போல்ட் எட்டு என்று எழுதியிருக்கிறேன், ஆறாகவும் இருக்கலாம். வஜ்ஜிரத்தில் விட்டது கிளிசரின் என்றுதான் நினைக்கிறேன், விளக்கெண்ணெயோ என்றும் சந்தேகம். புது யூனிட் கப்பலில் வர ஆறு மாதம் என்பது சாயபு சொல்லிக் கேட்டது. இவற்றை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். வியாழன், வெள்ளி, சனி என்று நான் எழுதியிருப்பதை மட்டும் யாரையும் கேட்க வேண்டாம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.